வியோலெத்தா பார்ரா: எதிலிருந்து கேட்கத் தொடங்குவது? யூக்குலேலேயில் வாசிக்க வருமா?

நாலுகட்டை:

வணக்கம். சிலி நாட்டுப் பாடகி வியோலெத்தா பார்ரா பற்றிச் சில கேள்விகள்.

ஸ்ட்ரீமிங்கில் அவர் பெயரைப் போட்டால் ஏகப்பட்ட ஆல்பம் வந்து விழுகிறது. ஒரே பாட்டு நாலைந்து அட்டைப்படத்தோடு, நாலைந்து ஆண்டு போட்டு இருக்கிறது. எதில் தொடங்குவது? எது அவரே எழுதியது, எது கிராமங்களில் சேகரித்தது என்று எப்படிப் பிரிப்பது?

இரண்டாவது, 'கிராசியாஸ் ஆ லா வீதா' ('வாழ்வுக்கு நன்றி') பாட்டு. கித்தாரில் 4/4-இல் அடித்தால் அர்ஜென்டினாப் பாடகி மெர்சிடஸ் சோசா பாணிக்கு ஒப்பேற்றிவிடலாம்போலத் தோன்றுகிறது. பார்ராவின் சொந்தப் பதிவோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. தப்பு எங்கே?

கையில் இருப்பது ஒரு நைலான் கித்தார், ஒரு கான்சர்ட் யூக்குலேலே. சராங்கோ (ஆண்டிஸ் மலைப் பகுதியின் சிறிய தந்தி வாத்தியம்) வாங்கித்தான் ஆக வேண்டுமா? ஸ்பானிஷ் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடினால் போதுமா?

---

பழைய_ரிக்கார்டு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வாத்தியத்துக்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆண்டை நம்பாதீர்கள். ஸ்ட்ரீமிங்கில் தெரிவது பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டு. பார்ரா இறந்தது 1967 பிப்ரவரி 5. அதற்குப் பின் தேதியிட்ட ஆல்பம் ஒன்று தொகுப்பாக இருக்கும், இல்லையென்றால் அவர் பதிந்து வெளிவராமல் கிடந்ததாக இருக்கும். 'கன்சியோனெஸ் ரெயென்கொன்த்ராதாஸ் என் பாரீஸ்' இரண்டாவது வகை. வெளிவந்தது 1971, பாடியது 1960-களின் தொடக்கத்தில் பாரிஸில். பெயருக்கே 'பாரிஸில் மீண்டும் கிடைத்த பாட்டுகள்' என்றுதான் பொருள். ஆண்டு வரிசைப்படி கேட்கிறவர்கள் இதைக் கடைசியில் வைத்து, கடைசிக் காலத்தில்தான் அரசியல் பாட்டுக்கு வந்தார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறு. அரசியல் பாட்டுகளின் உச்சம் அந்தப் பாரிஸ் காலம். கடைசி ஆல்பம் உள்ளுக்குள் திரும்பியது.

தொடங்க வேண்டியது அந்தக் கடைசி ஆல்பத்தில்தான்: 'லாஸ் ஊல்திமாஸ் கொம்போசிசியோனெஸ்', 1966, ஆர்.சி.ஏ. விக்டர், 14 பாட்டு. மகள் இசபெல், மகன் ஆன்ஹெல், உருகுவேக்காரர் அல்பெர்த்தோ சப்பிக்கான் மூவரும் உடன் இருக்கிறார்கள். பெரிய வாத்தியக் குழு கிடையாது. 'கிராசியாஸ்', 'வொல்வேர் ஆ லோஸ் தியெசிசியெத்தே', 'ரூன் ரூன்', 'மல்திகோ தெல் ஆல்தோ சியெலோ', 'ரின் தெல் ஆன்ஹெலித்தோ' எல்லாம் இதில்தான். 14-க்குக் குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தால் அது அசல் வரிசை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். ஓதெயோன் நிறுவனத்துக்காக 'சிலியின் நாட்டுப்புற இசை' வரிசையில் அவர் பாடியவை: 1957-இல் குரலும் கித்தாரும் மட்டும் உள்ள முதல் தொகுதி, 1958-இல் இரண்டாவது, 1959-இல் குவேக்காவுக்கு (சிலியின் ஆட்டப்பாட்டு) ஒன்று, தொனாதாவுக்கு (ஆட்டமில்லாத கிராமப் பாட்டு) ஒன்று. இவை பெரும்பாலும் சேகரித்த பாட்டுகள். அசல் உறையில் 'ரெக்கொப்பிலசியோன்' என்று இருந்தால் சேகரிப்பு. அவர் பெயர் மட்டும் இருந்தால் சொந்தப் படைப்பு. டிஜிட்டலில் இந்தக் குறிப்பைத் தூக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் 'வி. பார்ரா' என்று போட்டுவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. நடுவில் நிற்பவையும் உண்டு: 'கசமியென்த்தோ தெ நேக்ரோஸ்' பாட்டுக்கு விதை மக்கள் வாயில் இருந்த ஒரு நாலடி, மீதியை வளர்த்தவர் அவர்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் இந்த இரண்டு அடுக்கும் புரியும். 1917 அக்டோபர் 4, ஞூப்லே பகுதி. பிறந்த ஊர் சான் கார்லோஸா, சான் ஃபாபியான் தெ ஆலிக்கோவா என்று இரண்டு ஊரும் இன்னும் உரிமை கொண்டாடுகின்றன. அப்பா பள்ளி இசை ஆசிரியர், அம்மா தையல் வேலை செய்தவர். அண்ணன் நிக்கானோர், 'எதிர்க்கவிதை' எழுதிய கவிஞர். சாண்டியாகோவில் அக்கா தங்கையாக இல்தாவோடு சேர்ந்து பார்களிலும் சர்க்கஸ்களிலும் பொலேரோ, மெக்சிகோ பாட்டு என்று ஊர் கேட்டதைப் பாடினார். முப்பத்தைந்து வயதை ஒட்டித்தான் திருப்பம். அண்ணனின் தூண்டுதலில் நோட்டும் கித்தாருமாகக் கிராமத்துக் கிழவர், கிழவிகளைத் தேடிப் போனார். 1954-இல் ரேடியோ சிலேனாவில் தனி நிகழ்ச்சி. 1955-இல் வார்சா இளைஞர் விழா, அங்கிருந்து பாரிஸ். அந்தப் பயணத்தில் இருந்தபோது கைக்குழந்தை ரோசித்தா கிளாரா சிலியில் இறந்துபோனது. 'ரின் தெல் ஆன்ஹெலித்தோ'வைக் கேட்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறந்த பிள்ளையைத் தேவதைபோல உடுத்தி உட்காரவைத்து இரவெல்லாம் பாடும் சிலிக் கிராம வழக்கம்தான் அந்தப் பாட்டின் களம்.

1961 முதல் 1965 வரை மீண்டும் ஐரோப்பா. மஞ்சள்காமாலையில் படுத்திருந்த நாட்களில் கற்றுக்கொண்ட கம்பளி நூல் தையலை (சணல் சாக்குத் துணியில் போடுவது, 'ஆர்பிய்யேரா' என்பார்கள்) 1964-இல் லூவ்ர் கட்டடத்தின் மார்சான் பகுதியில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சியாக வைத்தார். பிற்காலத்தில் சர்வாதிகாரி பினோசே ஆட்சியில் பெண்கள் துணித்துண்டு ஒட்டிச் செய்த ஆர்பிய்யேராக்கள் வேறு. பெயர் ஒன்று, முறை வேறு. அடிக்கடி கலந்து எழுதுகிறார்கள்.

1965-இல் ஊர் திரும்பி, சாண்டியாகோ ஓரத்தில் லா ரெய்னாவில் சர்க்கஸ் கூடாரம்போல ஒன்று போட்டுப் பாட்டுக்கூடம் நடத்தினார். பிள்ளைகளின் 'பேஞா தெ லோஸ் பார்ரா' என்ற பாட்டுக்கூடம் நகர நடுவில், கார்மென் தெரு 340-இல் கூட்டம் சேர்த்தது. கூடாரம் தூரம், குளிர். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அந்தக் கூடாரத்திலேயே, 49 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

---

தாளக்கட்டு:

4/4 தான் உங்கள் தப்பு.

பார்ரா வாசிப்பது ஆறு துடிப்புள்ள தாளம். அந்த ஆறை 3+3 ஆகவும் எடுக்கலாம், 2+2+2 ஆகவும் எடுக்கலாம். சிலி, அர்ஜென்டினா கிராம இசை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மேற்கத்திய குறிப்பு தேவையில்லை: "தகிட தகிட" ஒரு சுற்று, "தக தக தக" ஒரு சுற்று, இரண்டுக்கும் ஒரே நீளம். முதல் நாள் வாத்தியத்தைத் தொடாதீர்கள். காலால் 3+3 தட்டி, வாயால் "தக தக தக" சொல்லுங்கள். கால் வாயின் பின்னால் ஓடாமல் நின்ற பிறகு கித்தாரை எடுங்கள்.

கை: ஆறு துடிப்புக்கும் ஆறு வீச்சு, கீழ் மேல் கீழ் மேல் கீழ் மேல். எல்லாமே ஒரே சத்தத்தில். நூல் பிடித்ததுபோல் சீரானதும் 1, 4 துடிப்பில் அழுத்தம் கொடுங்கள். பிறகு 1, 3, 5-க்கு மாற்றுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 4-ஆவது துடிப்பு மேல்வீச்சில் விழும். மேல்வீச்சில் அழுத்தம் கொடுக்கக் கை மறுக்கும், தானாகவே 4-ஐக் கீழ்வீச்சாக மாற்றிக்கொள்ளப் பார்க்கும். மாற்றினால் 2+2+2-க்குத் தாவும்போது தடுக்கும். வேகத்தைப் பாதியாக்கி அந்த ஒரு மேல்வீச்சை மட்டும் பழகுங்கள்.

இன்னொரு தப்பு, எல்லாத் தந்தியையும் முழுசாக ஒலிக்க விடுவது. அந்த ஊர் வீச்சில் சில அடிகளை உள்ளங்கை ஓரத்தால் உடனே அடக்குவார்கள். அடக்காமல் அடித்தால் ஆறு துடிப்பும் ஒன்றில் ஒன்று கரைந்து தோசைமாவுபோல ஆகிவிடும்.

இனி வாத்தியம். 'கிராசியாஸ்' பதிவில் அவர் வாசிப்பது சராங்கோ. ஐந்து ஜோடி, பத்து நைலான் தந்தி. சுதி: ஜி, சி, ஈ, ஏ, ஈ. யூக்குலேலே: ஜி, சி, ஈ, ஏ. அதாவது உங்கள் யூக்குலேலேயின் கீழ்ப்பக்கம் இன்னொரு ஈ ஜோடி சேர்த்தால் கார்டு வடிவம் அப்படியே சராங்கோ. பரவலாக வாசிக்கப்படும் ஏ மைனர் வடிவத்துக்கு வேண்டியவை: ஏ மைனர் 2000, ஈ7 1202, சி 0003, ஜி7 0212, எஃப் 2010, டி மைனர் 2210 (ஒவ்வொரு எண்ணும் அந்தந்தத் தந்தியில் அழுத்த வேண்டிய கட்டை, 0 என்றால் திறந்த தந்தி). நாளை சராங்கோ வாங்கினால் ஐந்தாவது ஜோடியை ஏ மைனர், சி, ஈ7 மூன்றுக்கும் திறந்தே விடலாம். எஃப், டி மைனர், ஜி7-க்கு முதல் கட்டை. அவ்வளவுதான் புதிதாகக் கற்க வேண்டியது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சராங்கோவின் சி தந்தி யூக்குலேலேயின் சி-யை விட ஒரு ஸ்தாயி மேலே. அதனால்தான் அந்த வாத்தியம் கொத்தாக, மணிபோல ஒலிக்கிறது; திறந்த தந்தி எல்லாம் ஒரே ஸ்தாயிக்குள் அடங்கும். அந்தச் சத்தம் வேண்டுமென்று யூக்குலேலே சி-யை முறுக்கி மேலேற்றினால் அறுந்துவிடும்.

கித்தாரில் வேண்டுமென்றால் ஐந்தாவது கட்டையில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி நாலு தந்தியை மட்டும் வீசுங்கள். டி, ஜி, பி, ஈ என்பது ஜி, சி, ஈ, ஏ ஆகிவிடும். மேலே சொன்ன அதே எண்கள் செல்லும். தடித் தந்தி இரண்டையும் தொடாதீர்கள். தொட்டால் பாட்டுக்கு இல்லாத ஒரு கனம் வந்து உட்காரும்.

பார்ரா வாசித்த இன்னொன்று வெனிசுவேலாவின் நாலு தந்தி வாத்தியமான குவாத்ரோ. சுதி: ஏ, டி, எஃப் ஷார்ப், பி. யூக்குலேலேயை முழுசாக ஒரு ஸ்வரம் ஏற்றினால் இதே எழுத்துகள் வரும், ஆனால் கடைசி பி ஒரு ஸ்தாயி உயரத்தில் இருக்கும். குவாத்ரோவில் அது கீழே. தீர்வு: ஏ தந்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு சி தந்தி போட்டு அரை ஸ்வரம் இறக்கி பி-க்கு வையுங்கள். சி தந்தி தடிப்பு, நட்டில் (கழுத்தின் தலைப்பில் தந்திகள் உட்காரும் பட்டை) ஏ-க்கான பள்ளம் குறுகல். உட்காராமல் மேலே நின்றால் கீழ்க் கட்டைகளில் சுதி ஏறித் தெரியும். மெல்லிய அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்துங்கள், ஆழப்படுத்த வேண்டாம். ஆழம் போனால் திறந்த தந்தி கரகரக்கும், நட்டையே மாற்ற வேண்டிவரும்.

சராங்கோ வாங்குவதானால் மரத்தில் செய்ததாகப் பாருங்கள். பழைய மாதிரி ஆர்மடில்லோ ஓட்டில் செய்தவை சுங்கத்தில் மாட்டும். அந்த விலங்கின் சில இனங்களை நாடு விட்டு நாடு விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு.

---

யாப்பு:

தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடலாம். ஆனால் எங்கே தமிழ் கைகொடுக்கும், எங்கே காலைவாரும் என்று தெரிந்து எழுத வேண்டும்.

கைகொடுக்கும் இடம்: உயிருக்கு நடுவில் வரும் டி, ஸ்பானிஷில் மென்மையானது. 'அது' என்கிறபோது நம் த எப்படி இளகுகிறதோ அதே ஒலி. 'வீதா', 'தாதோ' என்று எழுதித் தமிழாகவே படியுங்கள், சரியாக வரும். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள்தான் 'வீடா' என்று கெடுப்பது. 'அபாயம்' என்பதில் வரும் ப-வை இன்னும் கொஞ்சம் இளக்கினால் உயிர்களுக்கு நடுவில் வரும் பி, வி இரண்டுக்கும் போதும். ஸ்பானிஷில் அவை இரண்டும் ஒரே ஒலிதான்.

காலைவாரும் இடம்: மெல்லினத்தை அடுத்த வல்லினம். நம் நாக்கு 'ந்த' என்றாலே அதிர்வொலி ஆக்கிவிடும், 'பந்து' மாதிரி. ஸ்பானிஷ் 'தான்தோ'வில் இரண்டாவது த வல்லினமாகவே நிற்க வேண்டும், 'பத்து' என்பதில் வருவதுபோல. இந்தப் பாட்டில் இது சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு கண்ணியும் தொடங்கும் வரி 'தான்தோ'வில்தான் முடிகிறது, கடைசிக் கண்ணியில் அழுகைக்கும் பாட்டுக்குமான சொற்களும் அதே 'ஆன்தோ' ஓசைதான். ஏட்டில் 'தான்-த்தோ' என்று பிரித்து எழுதுங்கள். 'பிளாங்கோ'விலும் இதே கதை. 'பிளான்-க்கோ' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அளவு. வரிக்கு 12 அசை, நடுவில் வெட்டி 6+6. முதல் வரியை எண்ணிப் பாருங்கள்: கிரா-சியாஸ்-ஆ-லா-வீ-தா, ஆறு. கே-மெயா-தா-தோ-தான்-த்தோ, ஆறு. 'மெ', 'ஆ' என்று எழுத்தில் இரண்டு சொல், வாயில் ஒரே அசை. காடு + அழகு 'காடழகு' ஆவதற்கு உறவுக்காரப் புணர்ச்சி. இதைப் பிரித்து 'மெ, ஆ' என்று பாடினால் ஏழாகிவிடும், கடைசி அசை தாளத்துக்கு வெளியே தொங்கும். தாளக்கட்டு சொன்ன 6 துடிப்பு தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் கை இல்லை, இந்த இடம்தான்.

'வொல்வேர்' வேறு வார்ப்பு. அதன் கண்ணி 'தெசிமா': வரிக்கு 8 அசை, 10 வரி, இயைபு அ ஆ ஆ அ அ இ இ ஈ ஈ இ. இடையில் கொடியும் பாசியும் படர்வதாக வரும் பல்லவி இந்த வார்ப்புக்கு வெளியே நிற்கிறது. முதல் கண்ணியில் 'சிக்லோ' என்பதற்கு 'சிக்னோஸ்' என்று உயிரை மட்டும் ஒத்து விட்டுப் போகிறார்; புத்தகக் கவிஞர் கூசுவார், கிராமத்துப் பாடகர் கூசமாட்டார். 'மல்திகோ'வும் தெசிமாதான், ஒவ்வொன்றின் வாலிலும் "என் வலி எவ்வளவாக இருக்கும்" என்ற பொருளில் ஒரு வரி தொங்கும். தன் வரலாற்றையும் இதே தெசிமாக்களில்தான் எழுதினார், அது நூலாக வந்தது 1970-இல்.

இந்த வார்ப்பை அவர் எங்கிருந்து எடுத்தார் என்றால், சாண்டியாகோவுக்குத் தெற்கே புவெந்த்தே ஆல்தோ, பிர்க்கே பக்கத்துக் கவிராயர்களிடம். அங்கே ஒரு நாலடியைக் கொடுத்துவிடுவார்கள். நாலு தெசிமா பாட வேண்டும், முதலாவது அந்த நாலடியின் முதல் வரியில் முடிய வேண்டும், இரண்டாவது இரண்டாம் வரியில், இப்படியே. கடைசியில் விடைபெறும் தெசிமா ஒன்று. நம் ஊரில் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்களே, அந்த வித்தையின் நாலு மாடிக் கட்டடம்.

---

வெறும்வாசகன்:

'கிராசியாஸ்' அவருடைய தற்கொலைக் கடிதம் என்றுதானே எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள்? அதைப் பற்றி யாருமே பேசவில்லையே.

---

பழைய_ரிக்கார்டு:

எழுதுகிறார்கள்தான். ஆனால் பாட்டுகள் எழுதிப் பதிந்து, ஆல்பம் 1966-லேயே வெளிவந்துவிட்டது. மரணம் அடுத்த ஆண்டு பிப்ரவரி. அதே தட்டில் வானம், பூமி, கடல், காதல் என்று ஒன்று விடாமல் சபிக்கும் 'மல்திகோ' இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் வால் ஒட்டி, சொல்லையே கோமாளி ஆக்கும் 'மசூர்கிக்கா மொதேர்னிக்கா' இருக்கிறது. ஓயாத மழை நிற்க மாப்பூச்சே பழங்குடி மக்கள் வேண்டும் சடங்கைப் பாடும் 'எல் கியாத்தூன்' இருக்கிறது. ஒன்றை மட்டும் உருவி எடுத்துக் கடிதம் என்றால் மற்ற 13-ஐ என்ன செய்வது?

வாழ்க்கையோடு நேராக முடிச்சுப் போடக்கூடியது 'ரூன் ரூன்'. சுவிட்சர்லாந்துக்காரர் ஹில்பெர் ஃபாவ்ர், அவருடைய துணைவர், புல்லாங்குழல் கலைஞர், 1966-இல் பொலிவியா போய்விட்டார். பாட்டில் ரூன் ரூன் வடக்கே போகிறான், பாடுகிறவள் தெற்கே தங்குகிறாள். ஃபாவ்ர் லா பாஸில் எர்னெஸ்தோ கவூர் முதலியோரோடு 'லோஸ் ஹைராஸ்' குழுவைத் தொடங்கினார்.

சோசா பதிவைப் பற்றி ஒரு திருத்தமும்: 'கிராசியாஸ்' சோசாவின் பாட்டு என்று நினைப்பவர்கள் இங்கும் இருக்கிறார்கள். சோசா அர்ஜென்டினாக்காரர், 1971-இல் பார்ராவுக்கு அஞ்சலியாக முழு ஆல்பம் பாடினார். அமெரிக்கப் பாடகி ஜோன் பயஸ் 1974-இல் தன் ஸ்பானிஷ் ஆல்பத்துக்கு இந்தப் பெயரையே வைத்தார். இரண்டும் பெரிய குரல்கள். பார்ராவின் குரல் வேறு மாதிரி, மூக்கில் கொஞ்சம், அலங்காரம் இல்லாமல், வீட்டு வாசலில் நின்று சேதி சொல்வதுபோல. முதல் முறை கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கலாம். மூன்று முறை கேட்டுவிட்டுச் சோசாவுக்குத் திரும்புங்கள், கண்ணீர் கொஞ்சம் அதிகமாகப் பட ஆரம்பிக்கும். இது என் கட்சி, சண்டைக்கு வராதீர்கள்.

---

நாலுகட்டை:

எல்லாருக்கும் நன்றி. 'மெயா' ஒட்டியதுமே தாளம் உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று: யாப்பு சொன்ன கவிராயர்களின் வாத்தியம் கித்தார்ரோன் என்று தேடினால் வயிறு பெருத்த ஆறு தந்தி பாஸ் வாத்தியம் காட்டுகிறது. அதுவா?

---

தாளக்கட்டு:

இல்லை, அது மெக்சிகோ மரியாச்சி கித்தார்ரோன். பெயர் மட்டும் ஒன்று. 'கித்தார்ரோன் சிலேனோ' என்று தேடுங்கள். அதில் 25 தந்தி: கழுத்தில் ஐந்து கொத்தாக 21, கழுத்துக்கு வெளியே இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. வெளியே நிற்கும் நாலுக்குப் பெயர் 'தியாப்லித்தோஸ்', குட்டிச் சாத்தான்கள். அவற்றைக் கட்டையில் அழுத்த முடியாது, திறந்தபடி மீட்ட மட்டும்தான். பார்ரா இதை இசாயாஸ் அங்குலோ என்ற பெரியவரிடம் கற்றார். ஊரில் அவரை 'தீர்க்கதரிசி' என்று அழைப்பார்களாம்.

யூக்குலேலேயில் இதைப் போலி செய்யப் பார்க்காதீர்கள். பார்ராவின் 'எல் கவிலான்' கேளுங்கள், குரலும் ஒரே கித்தாரும்தான், ஆனால் அந்தக் கவிராயர்களிடம் பழகிய கை எதுவரை போகும் என்று அதில் தெரியும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். கார்டு தேடி எழுத உட்காராதீர்கள், ஒரு சுதியில் நிற்காது.